ஸ்விஃப்ட்ல வளைவு நல்லா போகணும்னா சஸ்பென்ஷன்ல எதை முதல்ல மாத்தணும்?

கொல்லிமலைக்கு காரவள்ளி பக்கமா ஏறுனா 70 கொண்டை ஊசி வளைவு, அதுல பத்து தாண்டுறதுக்குள்ளயே உங்க வண்டி எவ்ளோ சாயுதுன்னு பின் சீட்ல இருக்கறவங்க மூஞ்சில தெரிஞ்சிடும். உடனே லோயரிங் ஸ்பிரிங் (வண்டி உயரத்தை இறக்குற ஸ்பிரிங்) என்ன விலைன்னு தேடாதீங்க, நான் அப்படித்தான் காசை விட்டேன்.

முதல்ல டயர். அது காஞ்சு போயிருந்தா மேல என்ன மாட்டுனாலும் வேஸ்ட்.

அடுத்து ரப்பர் சமாச்சாரம். லோயர் ஆர்ம் புஷ் (வீலை பாடியோட சேர்க்கிற கீழ் ஆர்ம்ல இருக்கற ரப்பர்), லிங்க் ராட் (சாய்வைக் குறைக்கிற கம்பியை வீல் பக்கம் பிடிக்கிற ராட்), ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக்கோட தலையில இருக்கற ரப்பர்), இதுல எது போனாலும் ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்னு இருக்கும். புஷ் மாத்துறப்ப கூடவே நில்லுங்க, ஏன்னா ஷெட்ல நிறைய பேர் வண்டி ஜாக்கில தொங்கறப்பவே போல்ட்டை முழுசா முறுக்கிடுவாங்க, அப்புறம் வண்டி கீழ இறங்குனதும் ரப்பர் திருகிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிடும். வீல் தரையில உக்காந்து வெயிட் இறங்குனப்புறம்தான் கடைசி டைட்.

ஷாக் அப்சார்பர் குறைஞ்சது ஜோடியா மாத்துங்க. ஸ்பிரிங் இறக்குறதா இருந்தா 25, 30 மி.மீ. போதும், நம்மூர் ஸ்பீடு பிரேக்கருக்கு அதுவே ஜாஸ்தி. பழைய ஷாக்கோட புது ஸ்பிரிங் போட்டா வண்டி பந்து மாதிரி குதிக்கும் (என் கதை இதான்). ஸ்பிரிங்கை கட் பண்ணித் தரேன்னு யாராவது சொன்னா சாவியை வாங்கிட்டு கிளம்பிடுங்க.

இன்னொன்னு, ஸ்விஃப்ட் முன் வீல் டிரைவ், வேகமா திருப்புனா மூக்கு வெளிய ஓடும். அதை சரி பண்ண முன் பக்கம் தடியான ஸ்டெபிலைசர் பார் (சாய்வைக் குறைக்கிற கம்பி) போட்டா இன்னும்தான் ஓடும். பின்னாடி டார்ஷன் பீம்ல (பின் வீல் ரெண்டையும் இணைக்கிற பீம்) ஒரு பார் சேர்த்தா மூக்கு உள்ள வரும். ஆனா மழை ஈரத்துல வளைவு நடுவுல பட்டுனு ஆக்ஸிலேட்டரை விட்டீங்கன்னா வால் வீசும், பாத்துக்கோங்க.

கடைசியா அலைன்மென்ட். கேம்பர்னா முன்னாடி இருந்து பாத்தா வீல் சாயுற கோணம், மைனஸ்னா வீலோட மேல் பக்கம் உள்ள சாயுது; அதை மாத்துற கேம்பர் போல்ட் போட்டு முன் வீலுக்கு மைனஸ் 1 டிகிரி வாங்குனாலே நல்ல வித்தியாசம் தெரியும். கேம்பரை முதல்ல வைக்கச் சொல்லுங்க, அப்புறம்தான் டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ள திரும்பியிருக்கா, வெளிய திரும்பியிருக்காங்கறது), ஏன்னா கேம்பரை அசைச்சா டோவும் மாறிடும். பின் பக்கம் பீம், அங்க திருப்ப ஒண்ணும் இல்ல. ஸ்பிரிங் மாத்துன அன்னிக்கு ஒரு தடவை, கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் அமுங்குனப்புறம் இன்னொரு தடவை பண்ணுங்க, கடைக்காரர் எதுக்குன்னு பாப்பார், பரவால்ல.