வீட்டிலேயே முதல் பிறந்தநாள்: குழந்தையின் தூக்க நேரத்திலிருந்து தொடங்குங்கள்

எங்கள் மூத்தவளின் முதல் பிறந்தநாளை மாலை ஆறரை மணிக்கு வைத்தோம். வேலை முடிந்து சொந்தபந்தம் எல்லாம் வர வசதி என்று நினைத்தோம். கேக் வெட்டும் நேரத்தில் தூக்கம் கலைந்து அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. சின்னவனுக்கு எல்லாவற்றையும் மாற்றிச் செய்தோம். அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நாள் குறிப்பது

ஆங்கிலத் தேதியா, நட்சத்திரமா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். பெரியவர்கள் ஆண்டு நிறைவு என்று சொல்வது, பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாள். 27 நாளில் நட்சத்திரங்கள் ஒரு சுற்று வந்துவிடுவதால் ஒரே மாதத்தில் அது இரண்டு முறை வரலாம். அப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். காலண்டரைப் பார்த்து வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நாங்கள் நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை மட்டும் செய்தோம். கேக், விருந்தெல்லாம் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மொட்டை, காதுகுத்து இருந்தால் அதற்குத் தனி நாள் வையுங்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளையை அன்றைக்கே கேக் முன்னால் உட்கார வைப்பது பாவம்.

படி 2: நேரம் குறிப்பது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு வாரம் முன்பிருந்தே குழந்தை தூங்கும் நேரம், பசிக்கும் நேரம் இரண்டையும் எழுதி வையுங்கள். எங்கள் சின்னவன் காலை 9 மணிக்குத் தூங்கி 10.15-க்கு எழுவான். அதனால் 11 மணிக்குக் கேக், 12 மணிக்குச் சாப்பாடு என்று வைத்தோம். சொன்ன நேரத்துக்கு அரை மணி தள்ளித்தான் நம் ஆட்கள் வருவார்கள், அதனால் எல்லோரிடமும் பத்தரை என்று சொன்னோம்.

ஆட்களைப் பொறுத்தவரை, குழந்தைக்கு முகம் தெரிந்த 20, 25 பேர் போதும்.

படி 3: அலங்காரம்

வாசலில் மாக்கோலம், மாவிலைத் தோரணம். சுவரில் ஒரு நூல் கட்டி, மாதத்துக்கு ஒன்றாக 12 போட்டோவைத் துணி கிளிப்பில் மாட்டினோம். வந்தவர்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

பலூன் கட்டினால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வெடித்த பலூன் துண்டை வாயில் போட்டால் மூச்சை அடைத்துவிடும். மினுக்கும் விளக்கு, பாட்டு பாடும் மெழுகுவர்த்தி போன்றவற்றில் பொத்தான் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாங்காமலே இருங்கள். அப்படி விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படி 4: குழந்தை சாப்பிடக்கூடிய கேக்

இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பது நல்லது. பேரீச்சையும் பழமும் தரும் இனிப்பே போதும். எங்கள் சின்னவனும் அந்த இனிப்போடுதான் தின்றான்.

விதை நீக்கிய 12 பேரீச்சையை அரை கப் சூடான பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, தோல் கறுத்த வாழைப்பழம் இரண்டைச் சேர்த்து மிக்சியில் அரையுங்கள். அதில் அரை கப் தயிர், கால் கப் உருக்கிய வெண்ணெய் கலக்குங்கள். ஒரு கப் கோதுமை மாவு, அரை கப் கேழ்வரகு மாவு, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் ஆப்பச்சோடா இவற்றை இரண்டு முறை சலித்து, அதில் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். இறுகினால் பால் தெளிக்கலாம்.

நெய் தடவிய 7 அங்குலப் பாத்திரத்தில் ஊற்றி, மேலே தட்டு மூடி இட்லிப் பானைக்குள் 40 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். தட்டு மூடாவிட்டால் ஆவித்தண்ணீர் சொட்டி மேல்பக்கம் பிசுபிசுத்துவிடும். பல்குச்சி குத்தி, ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். நன்றாக ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். ஒரு வாரம் முன்பே ஒருமுறை செய்து கொஞ்சம் ஊட்டிப் பாருங்கள். புது உணவு ஒத்துக்கொள்கிறதா என்று விசேஷத்தன்று பார்க்கக் கூடாது.

படி 5: விருந்து

25 பேருக்கு வெஜிடபிள் பிரியாணிக்கு இரண்டரை கிலோ அரிசி சரியாக இருந்தது. கூடவே வெங்காயப் பச்சடி, வடை, சேமியா பாயசம். வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை மட்டும் வேண்டாம். வந்திருக்கும் அக்கா அண்ணன்மார் பாசத்தில் குழந்தை வாயில் ஊட்டிவிடுவார்கள், அது தொண்டையில் அடைக்கும்.

படி 6: அந்தப் பத்து நிமிடம்

கேக் வெட்டுவதற்கு அரை மணி முன்பே குழந்தைக்கு ஊட்டிவிடுங்கள். புது உடையை ஒருமுறை துவைத்து, கழுத்தில் குத்தும் துணிப்பட்டி இருந்தால் வெட்டிவிட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி ஊதி அணைக்கவில்லை, தாத்தா குத்துவிளக்கு ஏற்றினார். பாட்டை மெதுவாகப் பாடச் சொல்லி எல்லோரிடமும் முன்பே சொல்லிவைத்தோம். 25 பேர் ஒரே நேரத்தில் கத்திக் கை தட்டினால் பயந்துவிடுவான் அல்லவா!

அவன் பயப்படவில்லை. ஐந்து விரலையும் கேக்கில் அழுத்தி எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, முதல் துண்டை அம்மாச்சி வாயில் வைத்தான். அப்புறம் பந்தி நடக்கும்போதே அவர் தோளில் தூங்கிப்போனான். எழுப்பாமல் உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்துதான் எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்தோம்.