அக்கறை இல்லை என்று முடிவு கட்டும் முன்

துவைத்த துணி சலவை இயந்திரத்துக்குள்ளேயே இரண்டு நாள் கிடந்து வாடை அடிக்கிறது. மின் கட்டணம் கட்ட இன்றுதான் கடைசி நாள் என்று காலையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இரவில் பார்த்தால், சீட்டு சட்டைப் பையில் மடித்தது மடித்தபடி இருக்கிறது. இப்படியே வருடங்கள் ஓடும் வீட்டில் கடைசியில் ஒரு வாக்கியம் வந்து விழும்: "என் மேல் அக்கறை இருந்தால் மறக்குமா?"

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. முதல் தவறும் இதுதான். ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு உள்ளவருக்கு நினைவில் வைத்துக்கொண்டே வேலையை நடத்துவதும் நேரத்தைக் கணிப்பதும் உண்மையிலேயே கடினம். "ஐந்தே நிமிடம், கிளம்பிவிடுகிறேன்" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் போதும் என்றே நம்புகிறார். அன்பை இதை வைத்து அளந்தால் இருவருக்குமே அநியாயம்.

"பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டால் சோறு தண்ணீர் இல்லாமல் ஐந்து மணி நேரம் உட்காருகிறாரே, அவருக்கா கவனம் இல்லை?" என்று ஒரு மனைவி கேட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் இவர்களிடம் கவனம் இருக்கிறது, அதைத் திருப்பும் கடிவாளம்தான் தளர்ந்திருக்கிறது. பிடித்த வேலையில் மூழ்கிவிடுவதும் சலிப்பான வேலையைத் தொடங்கவே முடியாமல் தவிப்பதும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் தெரியும் ஓட்டத்தையும் குதியாட்டத்தையும் பெரியவர்களிடம் தேடுவதும் வீண். வயது ஏற ஏற அது பெரும்பாலும் உள்ளே போய், ஓயாத பரபரப்பாகவும் பேச்சில் குறுக்கிடுவதாகவும் மாறிவிடும். பெண்களின் நிலை இன்னும் பரிதாபம். வகுப்பில் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியை யாரும் கவனிப்பதில்லை. திருமணமான பின் அவளுக்குக் கிடைக்கும் பட்டம் "பொறுப்பில்லாதவள்".

இதற்கு நேர் எதிரான தவறு, கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி பார்த்துவிட்டுத் துணைக்கு நாமே பெயர் சூட்டுவது. மறதி யாருக்குத்தான் இல்லை? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 17 வயது நிரம்பியவரிடம் கவனம் சார்ந்த 9 அறிகுறிகளிலோ பரபரப்பு சார்ந்த 9 அறிகுறிகளிலோ குறைந்தது 5 இருக்க வேண்டும். அவை 6 மாதமாவது நீடித்து, வீடு, அலுவலகம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்து, வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆகவே மாமியாரிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள்: பள்ளியில் எத்தனை குடை தொலைத்தார், ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள்? நாற்பது வயதில் திடீரென்று வந்த மறதி என்றால் தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, குடி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டில் மட்டும் மறந்து அலுவலகத்தில் எல்லாவற்றையும் சரியாக முடிப்பவர் என்றால், பேச வேண்டிய விஷயம் வேறு.

சண்டையின் நடுவில் "உனக்கு ஏதோ கோளாறு இருக்கிறது" என்று வீசிவிடாதீர்கள். உறவினர் முன்னிலையில் சொல்லவே வேண்டாம். அந்த ஒரு சொல்லால் மருத்துவரிடம் போகும் வழியே அடைபட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அமைதியான ஒரு மாலையில், "நீங்கள் இதில் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று பார்க்கிறேன், சேர்ந்தே போய்க் கேட்போமா?" என்று தொடங்கலாம். பிள்ளைக்கு எழுதித் தந்த மாத்திரையைப் பெரியவருக்குக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கை நீட்டுவதும் இழிவாகப் பேசுவதும் இந்தக் குறைபாட்டின் அறிகுறிப் பட்டியலில் இல்லை. அதை இந்தப் பெயரால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது குறைப்பட்டியல் வேண்டாம். சமீபத்தில் நடந்த நான்கைந்து சம்பவங்களைத் தேதியோடு எழுதி, கிடைத்தால் பழைய பள்ளி மதிப்பெண் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் எனும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.