கயிற்றுப் பம்ப்: கிராமத்துக்குப் புறப்படுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

கிணற்றுக்குள் இறக்கிய ஒரு பிவிசி குழாய். அதன் உள்ளே மேலேறி வரும் கயிறு. கயிற்றில் மீட்டருக்கு ஒன்றாகக் கோத்த வாஷர்கள். மேலே பழைய டயரில் செய்த சக்கரம், சுற்றுவதற்குக் கைப்பிடி. ஒவ்வொரு வாஷரும் தன் தலைமேல் நிற்கும் தண்ணீரைச் சுமந்துகொண்டு மேலே வருகிறது. வால்வு கிடையாது, உறிஞ்சும் வேலையும் கிடையாது. அதனால் உறிஞ்சு பம்புக்கு உள்ள ஏழு மீட்டர் எல்லை இதற்கு இல்லை. 35 மீட்டர் ஆழத்திலிருந்துகூடக் கையால் இறைக்கலாம்.

ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் சிங்கப்பூரிலிருந்து கம்போடியக் கிராமங்களுக்குப் போகும் தொண்டூழியக் குழுக்களுக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கும் இந்தப் பம்ப் படத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போகும். ஒரே நாளில் மாட்டிவிடலாம் போலத் தெரியும். ஆனால் இதன் குணம் வேறு. பொருள் கொஞ்சம் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும்; அளவு பிசகினால் பொறுக்காது.

டிசம்பரில் அளந்த தண்ணீர் மட்டம்

கம்போடியாவில் மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. டிசம்பரில் போகிறவர்கள் காண்பது, மழை முடிந்து ஊறி நிறைந்த கிணறு. அப்போது கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் நாலு மீட்டரில் தொடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் குழாயை வெட்டிவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் மட்டம் பல மீட்டர் இறங்கும்போது குழாயின் அடிமுனை காற்றில் தொங்கும். தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில் பம்ப் சும்மா சுற்றும்.

ஏப்ரலில் எந்த உறை (கிணற்றுச் சுவரின் வளையம்) வரை வற்றும் என்று தினமும் வாளி போடும் பெண்களிடம் கேளுங்கள். உறைக்கிணறாக இருந்தால் அவர்கள் உறையை எண்ணியே சொல்லிவிடுவார்கள். கோடை மட்டத்துக்கும் கீழே ஒரு மீட்டராவது குழாய் மூழ்கியிருக்க வேண்டும். கிணற்றுத் தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் மணலையும் சேர்த்து இறைக்கும். இரண்டுக்கும் இடமில்லாத கிணற்றில் பம்ப் மாட்டாதீர்கள். முதலில் கிணற்றை ஆழப்படுத்தப் பணம் ஒதுக்குங்கள்.

எல்லா ஆழத்துக்கும் ஒரே குழாய்

பெரிய குழாய் போட்டால் நிறையத் தண்ணீர் வரும் என்ற எண்ணம்தான் அதிகப் பம்புகளைக் கெடுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் ஒரு அங்குலம் உள்ள குழாயில் மீட்டருக்கு அரை லிட்டர் நிற்கும். பத்து மீட்டருக்கு ஐந்து கிலோ. பத்து வயதுப் பிள்ளையும் சுற்றும். அதே குழாயை 30 மீட்டருக்குப் போட்டால் 15 கிலோ. வீட்டிலுள்ள பாட்டியால் சக்கரத்தை அசைக்கவே முடியாது. ஆகவே பத்து மீட்டர் வரை ஒரு அங்குலம், இருபது வரை முக்கால் அங்குலம், அதற்கும் கீழே அரை அங்குலம். இப்படிப் போட்டால் எந்த ஆழத்திலும் சுமை ஆறு கிலோவைத் தாண்டாது. பெரியவர் ஒருவர் சுற்றினால் பத்து மீட்டரிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டரும், இருபதிலிருந்து 20 லிட்டரும் வரும். மனித உடம்பு தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் அவ்வளவுதான். எந்தச் சக்கரமும் அதைக் கூட்டாது.

இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. "ஒரு அங்குலக் குழாய்" என்பது கடைக்காரர் வைத்த பெயர், உள்விட்டத்தின் அளவு அல்ல. கம்போடியச் சந்தைக்கு வரும் வியட்நாம் குழாயை வெளிவிட்டத்தை வைத்து 21, 27, 34 என்று விற்பார்கள். தாய்லாந்துக் குழாயில் 5, 8.5, 13.5 என்று அழுத்தத் தரம் எழுதியிருக்கும். தரம் கூடக்கூடச் சுவர் தடித்து உள்வாய் குறுகும். சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டார வன்பொருள் கடையில் வாங்கிய குழாய்த் துண்டுக்கு அளவெடுத்து வாஷர் வார்த்துக்கொண்டு போனால், அங்கே சந்தையில் கிடைக்கும் குழாயில் அது நுழையாது, அல்லது லொடலொடவென்று ஆடும். கம்போடியச் சந்தைக் குழாயில் ஒரு சாண் வெட்டி இங்கே கொண்டுவந்து, அதற்கு அளவெடுங்கள்.

வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். குழாய்த் துண்டை நெட்டாகப் பிடித்து, காய்ந்த வாஷரை உள்ளே விடுங்கள். எங்கும் சிக்காமல் தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். விழும்போது மேலிருந்து பார்த்தால் ஓரத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியலாம், அதற்குமேல் தெரியக்கூடாது. சுற்றிலும் அரை மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி என்பது இதுதான். இடைவெளி கூடினால் தூக்கிய தண்ணீர் ஓரமாக வழிந்து திரும்பிவிடும். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வாயில் சொட்டுத்தான் வரும். குறைந்தாலோ உரசல் கூடிக் கை வலிக்கும். தட்டையான வாஷரைவிடக் கூம்பு வடிவம் நல்லது, சிக்காமல் நுழையும்.

கயிறும் அடிக்கட்டையும்

நைலான் கயிறு பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் நனைந்தால் நீளும். நீண்டால் சக்கரத்தில் வழுக்கும். ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு வாங்குங்கள். அதற்கு வெயில் ஆகாது, நாரு நாராக உதிரும். எனவே சக்கரத்துக்கு மேலே ஒரு தகரக் கூண்டு கட்டாயம். அழுக்குக் கை கயிற்றில் படாமலிருக்கவும் அதே கூண்டுதான் உதவும்.

வாஷரின் இருபுறமும் ஒரு முடிச்சு. கயிற்றின் இரு முனைகளைச் சேர்க்கும் இடத்தில் மட்டும் பெரிய முடிச்சுப் போடாதீர்கள். அது குழாயின் அடிவாயில் போய் அடைத்துக்கொள்ளும். முனைகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பின்னி, நுனியை நெருப்பில் காட்டி உருக்குங்கள். புதுக் கயிறு முதல் வாரத்தில் தளரும், அப்போது மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். ஐந்து நாளில் ஊர் திரும்பும் குழு அந்தத் தளர்ச்சியைப் பார்ப்பதே இல்லை. "சிங்கப்பூர்க்காரர்கள் மாட்டிய பம்ப் பத்தே நாளில் கெட்டுவிட்டது" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கயிறு கீழே திரும்பும் இடத்தில் கான்கிரீட் கட்டைக்குள் பதித்த கண்ணாடிப் பாட்டிலோ மெருகேற்றிய பீங்கானோ இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் குழாயின் விளிம்பிலேயே கயிற்றைத் திருப்பினால், கயிறு ரம்பம்போல் பிவிசியை அறுத்துக்கொண்டே போகும். குழாயின் அடிவாயையும் நெருப்பில் இளக்கி, பாட்டிலின் தோளில் அழுத்தி, ஊதுகுழல் வாய்போல் விரித்துவிடுங்கள். விரியாத வாயில் ஒவ்வொரு வாஷரும் இடித்துத்தான் நுழையும்.

மேலே, தண்ணீர் வெளிவரும் இடத்தில், ஒரு அங்குலக் குழாயை இரண்டு அங்குல டீயுடன் (T வடிவ இணைப்புக் குழாய்) இணையுங்கள். அகலம் கூடினால் வேகம் தணிந்து தண்ணீர் பக்கவாட்டில் ஓடும். சேர்க்கவில்லையென்றால் கயிற்றோடு சேர்ந்து மேலேறி, சுற்றுபவரின் சட்டையை நனைக்கும்.

டயரில் செய்த சக்கரத்துக்கு இரு பக்கச் சுவர்களையும் வெட்டி முதுகோடு முதுகாக இணைத்தால் கயிறு பதியும் பள்ளம் அமையும். வழவழப்பான இரும்பு வளையம் போடாதீர்கள், ஈரக்கயிறு நழுவும்.

எதை மறந்தாலும் பின்சுழற்சித் தடையை மறக்காதீர்கள். கைப்பிடியை விட்டதும் குழாயில் நிற்கும் ஐந்து கிலோ தண்ணீர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றும். கைப்பிடியின் உயரமும் எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. சக்கரத்தின் ஆரக்காலில் விழுந்து தடுக்கும் ஒரு கம்பிக் கொக்கி போதும். பட்டறையில் பத்து நிமிட வேலை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை

மூடிய கிணறும் சிமென்டுத் தளமும் வடிகாலும் இருந்தால், வாளி போடும் திறந்த கிணற்றைவிடத் தண்ணீர் சுத்தமாக இருக்கும். குடிக்க அது போதாது. கொதிக்கவைக்கவோ வடிகட்டவோ வேண்டும். கழிப்பறைக்குழி 30 மீட்டர் தள்ளியிருக்கட்டும். மீகாங் ஆற்றோரமாக, குறிப்பாகக் காண்டால் (Kandal) மாநிலத்தில், பல ஆழ்துளைக் குழாய்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், கம்போடியாவின் அளவு 50. கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது. நீர் ஆவியாகி இன்னும் அடர்த்தியாகும். சோதனை முடிவு கைக்கு வருமுன் எந்த ஆழ்துளைக் கிணற்றிலும் பம்ப் மாட்டாதீர்கள்.

பரப்புவதில் நடக்கும் தவறு

நிகராகுவாவில் 1980களில் தொடங்கிய இந்தப் பம்ப் பின்னர் பல பத்தாயிரமாகப் பெருகியது. விவசாயிகள் தங்கள் காசில் வாங்கினார்கள், உள்ளூர்ப் பட்டறைகள் அதை வைத்துப் பிழைத்தன, அரசும் ஏற்றுக்கொண்டது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. இங்கிருந்து பெட்டி பெட்டியாக உதிரிகளைக் கொண்டுபோய் இருபது வீடுகளுக்கு இலவசமாக மாட்டினால், அந்த வட்டாரத்தில் பம்ப் செய்து விற்கக்கூடிய ஒரே வெல்டிங் பட்டறைக்காரரின் பிழைப்பையும் நாமே கெடுத்துவிடுகிறோம். அவரிடமே வாங்குங்கள். முதல் பத்துப் பம்புகள் அவருடைய மோட்டார் சைக்கிள் எட்டும் தூரத்துக்குள் இருக்கட்டும். மோசமான முதல் பம்ப் ஒன்று ஊர் முழுவதும் இந்தப் பெயரையே கெடுத்துவிடும், அதனால் அவருக்கு ஒரு அளவுகோல் வாஷரையும் ஒரு அளவுகோல் குழாயையும் கொடுத்து, ஒவ்வொரு தொகுதியையும் அவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஒரு பம்ப் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குத்தான் தாங்கும். ஊர் அடிபம்பைப்போல நாள் முழுக்க வரிசை நிற்கும் பள்ளிக்கூடத்திலோ சந்தையிலோ வைத்தால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து அச்சு ஆடத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாளை வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், அது கயிறு மாற்றக் கற்றுக்கொடுக்கும் நாள். பழைய கயிற்றின் இணைப்பை அவிழ்த்து, அதன் நுனியில் புதுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இழுத்தால் புதுக் கயிறு குழாய்க்குள் தானே ஏறிவிடும். அறுந்து கிணற்றுக்குள் விழும்வரை விட்டுவிட்டால் அடிக்கட்டையோடு குழாயையே தூக்க வேண்டிவரும். இந்த மாற்றத்தை வீட்டுக்காரப் பெண் ஒருமுறை முழுதாகத் தன் கையால் செய்து தண்ணீர் எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கயிற்றைத் தொடாதீர்கள்.