நொண்டல் போனால் போதுமா? தசைநாண் காயத்துக்குப் பிறகு குதிரையை வேலைக்குக் கொண்டுவருவதில் நடக்கும் தவறுகள்

காயம் பட்டு ஆறாவது வாரம். லாயத்தில் நிற்கப் பிடிக்காமல் குதிரை தரையைப் பறிக்கிறது, கதவை உதைக்கிறது. காலில் வீக்கம் வற்றிவிட்டது. நடத்திப் பார்த்தால் நொண்டல் இல்லை. "நல்லாத்தானே இருக்கு, லேசா ஓட்டிப் பார்ப்போமே" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ரேஸ் குதிரையோ தடை தாண்டும் குதிரையோ, ஆறிவந்த கால் மறுபடி கெட்டுப்போன கதைகளில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பேச்சுவழக்கில் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்பார்கள். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்னங்கால் முட்டிக்குக் கீழே, எலும்பின் பின்பக்கமாகத் தோலுக்கு அடியிலேயே கயிறு போல இறங்கும் மேலடுக்குத் தசைநாண்தான் பெரும்பாலும் அடிபடுவது. முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மேலே உள்ள தசைகள் இந்தக் கயிறுகள் வழியாகத்தான் குளம்பை ஆட்டிவைக்கின்றன. முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு அடிக்கும் இது ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். ரேஸ் குதிரையில் அந்த நீட்சி 16 சதவீதம் வரை போவதாக அளந்திருக்கிறார்கள். இழை அறுகிற எல்லை அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. நீண்டு சுருங்குவதில் வீணாகும் சக்தி சூடாக மாறி, தசைநாணின் மையம் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் உண்டு. அந்த மையத்தில்தான் இழைகள் முதலில் விட்டுப்போகும். அப்புறம் காலின் பின்பக்கம் வில் போலப் புடைத்துக்கொண்டு நிற்கும்.

உடல் முதலில் அவசரத்துக்கு ஓர் ஒட்டுப் போடுகிறது. மூன்றாம் வகைக் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் குறுக்கும் நெடுக்குமாக வந்து இடத்தை அடைக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக முதல் வகைக்கு மாறி, இழைகள் நீளவாக்கில் ஒழுங்காகப் படிய ஒரு வருடம் ஆகலாம், பதினெட்டு மாதமும் ஆகலாம். அப்படி ஆறின பிறகும் அது தழும்புதான், பழைய துள்ளல் அந்த இடத்துக்கு வராது. வலியும் வீக்கமும் மட்டும் சில வாரங்களில் போய்விடும். ஆக, கண்ணுக்குத் தெரியும் கால் ஒரு காலண்டரில் ஆறுகிறது, உள்ளே இருக்கும் தசைநாண் வேறொரு காலண்டரில். முதல் காலண்டரைப் பார்த்து இரண்டாவதை முடிவு செய்வதுதான் தாய்த் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

2012 இல் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி, பிரீக்னெஸ் இரண்டையும் வென்ற 'ஐ'ல் ஹேவ் அனதர்', மூன்றாவதான பெல்மான்ட் பந்தயத்துக்கு முந்தின நாள் விலக்கப்பட்டது. இடது முன்னங்கால் தசைநாணில் அழற்சி. மூன்றையும் வென்றால் கிடைக்கும், 1978க்குப் பிறகு அதுவரை யாருக்கும் கிடைக்காத மும்முடிப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஓட்டவில்லை. அந்தக் குதிரை அதன் பிறகு ஓடவே இல்லை. ஒரு நாள் தாமதித்து மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வலி மாத்திரை விஷயம் அந்தத் தாய்த் தவறோடு ஒட்டியது. ஆரம்பத்தில் அழற்சியை அடக்க மருத்துவர் பியூட் என்னும் வலி மருந்து கொடுப்பது சரி. நடைப்பயிற்சி தொடங்கிய பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதைத் தொடர்ந்தால், குதிரை நம்மிடம் சொல்லக்கூடிய ஒரே வார்த்தையையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

அடுத்தது, எதிர்ப்பக்கத் தவறு: 'ஒரு வருடம் மேய்ச்சலில் விட்டுவிடு, தானே ஆறிவிடும்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புது இழைகள் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்பதை அவற்றின் மேல் விழும் சுமைதான் சொல்லிக்கொடுக்கிறது. சுமையே இல்லாவிட்டால் தழும்பு தாறுமாறாகக் கட்டிக்கொள்ளும். அடைத்தே கிடந்த குதிரையைத் திடீரென்று திறந்த வெளியில் அவிழ்த்துவிட்டால் நடப்பது இன்னும் மோசம். முதல் இரண்டு நிமிடத்தில் அது போடும் குதியிலும் பாய்ச்சலிலும் மூன்று மாத வேலை போய்விடும். குதிரை தன் தசைநாணைப் பார்த்துக்கொண்டு ஓடுவதில்லை.

நடுவழி அலுப்பானது: கையில் பிடித்து நடத்துவது. முதல் சில வாரங்கள் லாயத்தில் அடைப்பு ஓய்வு. அப்புறம் மருத்துவர் சம்மதத்துடன் தினம் பத்து நிமிட நடை. வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஐந்து நிமிடம் கூட்டி, மூன்று மாத வாக்கில் முக்கால் மணி நேரம். ஸ்கேன் நன்றாக இருந்தால் மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகு சில நிமிடம் ட்ராட், அதாவது மெல்லோட்டம். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டம் ஆறு மாதம் தாண்டி. வேகப் பாய்ச்சல் ஒன்பது மாதத்துக்கு முன்னால் பேச்சே இல்லை. பந்தயம் என்றால் ஒரு வருடத்துக்கு மேல். இது தோராயக் கணக்குதான். சின்னக் காயத்துக்குக் குறையும், பெரியதுக்கு நீளும். முதல் நாள் நடத்தும்போது வெறும் கயிற்றைப் பிடிக்காமல் கடிவாளம் போட்டுக்கொள்ளுங்கள். அடங்காத குதிரை என்றால் லேசான மயக்க மருந்துக்கு மருத்துவரைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடைப்பில் நிற்கும் குதிரைக்கு ஓட்ஸைப் பழைய அளவிலேயே கொட்டிவிட்டு, 'ஏன் இப்படி ஆடுது' என்று சைஸை, அதாவது குதிரைக்காரரைத் திட்டுவதையும் பார்க்கிறோம்.

ஸ்கேனில் நடக்கும் தவறுகள் வேறு ரகம். அடிபட்ட அன்றே அல்ட்ராசவுண்ட் எடுத்து, 'சின்னதுதான்' என்று நிம்மதியாகிவிடுவார்கள். முதல் நாட்களில் காயம் உள்ளே இன்னும் விரியலாம். அதனால் ஒரு வாரம் கழித்து எடுக்கும் படம்தான் அடித்தளமாக வைத்துக்கொள்ளத் தக்கது. இன்னும் சிலர் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நிறுத்திக்கொள்வார்கள். ஒவ்வொரு படி ஏறும் முன்பும், அதாவது நடையிலிருந்து ட்ராட்டுக்கு, ட்ராட்டிலிருந்து கேன்டருக்கு, கேன்டரிலிருந்து வேகத்துக்குப் போகும் முன்பும் எடுக்க வேண்டும். முட்டியிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துவைத்து அதே இடத்தை அளந்தால்தான் ஒப்பிட முடியும். படத்தில் காயமாகத் தெரிந்த கரும்புள்ளி வெளுத்துவிட்டதே என்று மட்டும் பார்க்காமல் இழைகள் நேராக ஓடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். குறுக்குவெட்டுப் பரப்பு போன தடவையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் வேலை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். குதிரை துளிகூட நொண்டாவிட்டாலும் ஒரு படி இறங்கித்தான் ஆக வேண்டும்.

மறு காலையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஒரு காலில் அறுந்தது பெரும்பாலும் வயதும் ஓட்டமும் சேர்ந்து நாளாவட்டத்தில் நைந்த தசைநாண். அதே தேய்மானம் அடுத்த காலிலும் இருக்கும். நோகும் காலைக் காப்பாற்ற உடம்பு மறு காலின் பக்கம் சாய்ந்தும் இருக்கிறது.

வேலை கூட்டும்போது நேரம், வேகம், தரை மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றுவது இன்னொன்று. ஏதாவது தப்பானால் எதனால் என்றே தெரியாது. மூன்றில் வேகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆபத்து. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழையபடி திரும்பும், தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. எட்டாம் மாதத்தில் பளபளவென்று, துள்ளிக்கொண்டு, இழுத்துக்கொண்டு நிற்கும் குதிரைதான் எனக்கு மிகவும் பயம் தருவது. இன்னொரு பக்கம், களைத்த தசையால் குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டைத் தாங்க முடியாதபோது கணு கூடுதலாகக் கீழே அமுங்கி, இழுவை முழுக்கத் தசைநாணுக்குப் போகும். அதனால் பயிற்சியைக் குதிரை களைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். தரை சமமாக, உறுதியாக இருக்கட்டும். ஆழமான மணலும் குழிந்த மைதானமும் வேண்டாம். லாஞ்ச் கயிற்றில் சின்ன வட்டம் சுற்றவிடுவது பல மாதத்துக்கு மறந்துவிட வேண்டிய பழக்கம்.

லாடத்தில் ஒரு பொறி இருக்கிறது. குதிகாலை ஆப்பு வைத்து உயர்த்தினால் தசைநாணுக்கு இதமாக இருக்கும் என்று தோன்றும். இதம் கிடைப்பது உள்ளே ஆழத்தில் ஓடும் இன்னொரு தசைநாணுக்கு. மேலடுக்கில் அடிபட்டதற்குச் சுமை குறையாது, கூடவும் வாய்ப்புண்டு. நீண்டு வளர்ந்த குளம்பின் முன்நுனியைக் குறைத்து, குளம்பைச் சமமாக வைத்திருந்தாலே போதும். லாடம் அடிப்பவரையும் மருத்துவரையும் ஒரே நாளில் வரவழைத்துப் பேசவிடுவது நல்லது.

ஊசியை நம்பி காலண்டரைச் சுருக்குவதும் நடக்கிறது. ஸ்டெம் செல், பிளேட்லெட் ஊசி எல்லாம் தழும்பின் தரத்தை மேம்படுத்தலாம், மாதங்களைக் கிழித்துப் போடாது. ஜப்பானின் கானே ஹெக்கிலி 2006 இல் தசைநாண் காயத்தில் விழுந்து, மறுபடியும் அதே தொல்லை வந்து, ஸ்டெம் செல் சிகிச்சையும் பெற்று, இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து 2008 நவம்பரில்தான் பந்தயத்துக்கு வந்தது. டிசம்பரில் ஜப்பான் கப் டர்ட்டை இரண்டாம் முறை வென்றது. எல்லோரும் ஊசியைப் பேசுகிறார்கள், அந்த இரண்டு வருடத்தைப் பேசுவோர் குறைவு. பழைய காலத்தில் சூடு போடுவார்கள். 1983 இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, சூடு ஆறுதலுக்கு எந்த வகையிலும் உதவவில்லை என்று காட்டியது. சூட்டுக்காயம் ஆறவென்று கொடுத்த நீண்ட ஓய்வுதான் அத்தனை காலமும் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

தினம் காலையில், வேலைக்கு முன், காலில் சுற்றியிருக்கும் துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு வெறும் கையால் இரண்டு காலையும் தடவிப் பார்ப்பதற்கு ஸ்கேன்கூட ஈடாகாது, ஏனென்றால் அது தினமும் நடப்பது. முடிந்தவரை ஒரே ஆள் பார்க்கட்டும். எந்த இடம் வெதுவெதுப்பு, எங்கே அழுத்தினால் காலை இழுக்கிறது, நேற்று எத்தனை நிமிடம், எந்தத் தரை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்த அன்று ட்ராட் கிடையாது. நடை மட்டும், மூன்று நாளைக்கு. அதற்குப் பிறகும் அந்தச் சூடு இருந்தால் மருத்துவருக்குப் போன்.