காருக்குள் வாட்ஸ்அப், காருக்குள் வழிகாட்டி: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. சிங்கப்பூரில், தேக்காவில் துணி எடுத்துவிட்டு ஈசூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் மாமியார், மடியில் ஜவுளிப் பை. சிடிஇ விரைவுச்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் என் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. வாசிக்கட்டுமா என்று கார் கேட்டது. யோசிக்காமல் "யெஸ்" என்றேன். அக்கா தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவள். கார் அதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டு மென்றது. "சேப்டையா" என்றால் "சாப்டியா" என்று எனக்கே மெதுவாகத்தான் உறைத்தது. ஆனால் அடுத்து வந்த "மதர் இன் லா ஸ்டில் தேர் ஆ?" மட்டும் செய்தி வாசிப்பாளர் குரலில், பிசிறில்லாமல், எல்லா ஸ்பீக்கரிலும் ஒலித்தது.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

அன்று இரவே செட்டிங்கைத் தேடிப் பிடித்தேன். கைப்பேசியைக் காரின் திரையோடு இணைக்கும் கார்பிளே ஆகட்டும், ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகட்டும், செய்தி வந்தால் சத்தமாக வாசிப்பதையும் திரையில் காட்டுவதையும் கைப்பேசியிலேயே நிறுத்திவைக்கலாம். தனியாக ஓட்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் வரும் செய்தியை வண்டி வாசித்துத்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்காதீர்கள். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள முயல்வதைவிடப் பெரிய கவனச்சிதறல் சாலையில் வேறில்லை.

பலர் குழம்புவது இன்னோர் இடம். காரில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, காரோடு பிறந்தது. புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு பேசும். மற்றொன்று, கைப்பேசியையே திரைக்குக் கொண்டுவரும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வகை. காரோடு பிறந்தது பெரும்பாலும் எஸ்எம்எஸ் மட்டும்தான் காட்டும், வாட்ஸ்அப் அதில் வராது. "என் கார் மெசேஜே காட்டமாட்டேங்குது" என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இதுதான். சிங்கப்பூரில் இப்போது எஸ்எம்எஸ்ஸில் நமக்கு யார் எழுதுகிறார்கள்? வங்கியின் ஓடிபி, 2024 ஜூலையிலிருந்து ஒரே பெயரில் வரும் அரசாங்கச் செய்திகள், அப்புறம் பல் மருத்துவர் நினைவூட்டல். ஆக, அந்த வசதியை முழுதாகத் திறந்துவைத்தால் உங்களுக்குக் கிடைப்பது, உடன் வருபவர்கள் முன்னால் ஆறு இலக்க ஓடிபியை உரக்க வாசிக்கும் கார். புளூடூத் இணைக்கும்போது தொடர்புப் பட்டியலுக்கும் செய்திகளுக்கும் அனுமதி கேட்கும். இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லவேண்டியதில்லை. அழைப்புக்குப் பட்டியல் போதும்.

கேபிள் விஷயம் சின்னது, சொல்லிவிட்டுப் போகிறேன். சார்ஜ் ஆகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. காரில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டைகளிலும் சில வண்டிகளில் ஒன்றுதான் திரையோடு பேசும்.

வீட்டில் இரண்டு பேர், இரண்டு கைப்பேசி, ஒரு கார் என்றால் யாருக்கு முன்னுரிமை என்பதை அமைப்பில் குறித்துவையுங்கள். நான் புளோக்குக் கீழே காரைக் கிளப்பிக் காத்திருப்பேன். அவர் லிஃப்டிலிருந்து போனில் பேசிக்கொண்டே வருவார். பாதிப் பேச்சு அவர் காதிலிருந்து கழன்று என் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். அலுவலக ரகசியம் எனக்கு எதற்கு?

இனி வழிகாட்டி. இங்கே நாம் செய்யும் பெரிய தவறு, தெருப் பெயரைச் சொல்லித் தேடுவது. அங் மோ கியோவில் அவென்யூ 1, 3, 4, 5, 6, 8, 10 என்று வரிசையாக இருக்கின்றன. நீங்கள் சொன்னது ஒன்று, வண்டிக்குக் கேட்டது ஒன்று. கோயில் பெயரை வாயால் சொல்லிப் பாருங்கள், 'ஸ்ரீனிவாசப் பெருமாள்' என்பதை அது எதையெதையோ ஆக்கும். சிங்கப்பூரில் இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. 1995-லிருந்து நம் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. பெருமாள் கோயிலுக்கு 218123 என்று தட்டினால் சிராங்கூன் சாலையில் வாசலிலேயே கொண்டுபோய் விடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்றால் இன்னும் எளிது, பல புளோக்குகளுக்குக் கடைசி இலக்கங்களே புளோக் எண். அங் மோ கியோ அவென்யூ 4-இல் 162-ஆம் புளோக்குக்கு 560162. விருந்துக்கு அழைப்பவரிடம் "புளோக் நம்பர் என்ன" என்று கேட்பதைவிட "போஸ்டல் கோட் அனுப்புங்க" என்று கேட்டுப் பழகுங்கள்.

ஒரு குறை. குறியீடு கட்டடத்தைக் காட்டும், கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயிலைக் காட்டாது. அது பல இடங்களில் பின்பக்கத் தெருவில் இருக்கும். அடிக்கடி போகும் இடமென்றால் நுழைவாயிலில் நிற்கும்போதே அந்தப் புள்ளியைச் சேமித்துவிடுங்கள்.

காரோடு வந்த வரைபடத்துக்குப் பெரும்பாலும் சாலை மூடல் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தைப்பூசத்தன்று அதே பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போய்க்கொண்டிருக்கும்போது, காருக்குள் பதிந்திருக்கும் பழைய வரைபடம் சாவகாசமாக "நேராகச் செல்லவும்" என்று சொல்லும். நேரடி நிலவரம் சொல்லும் கூகல் மேப்ஸோ வேஸோ அன்று தேவை.

சுரங்கச் சாலை தனிக் கதை. கேபிஇ விரைவுச்சாலை 12 கிலோமீட்டர், அதில் சுமார் 9 கிலோமீட்டர் பூமிக்கடியில். அதோடு இணையும் எம்சிஇ 2013 டிசம்பரில் திறந்தது, அதுவும் பெரும்பகுதி சுரங்கம், கடலுக்கடியிலும் கொஞ்ச தூரம். துணைக்கோள் சமிக்ஞை அங்கே நேராக இறங்காது. அது கிடைக்காத நேரத்தில் வண்டி எங்கே இருக்கிறது என்பதை அமைப்பு உங்கள் வேகத்தை வைத்து ஊகிக்கிறது, அல்லது அம்புக்குறி அப்படியே உறைந்துவிடுகிறது. எம்சிஇ-யில் கேபிஇ-க்கும் இசிபி-க்கும் பிரியும் இடத்தில் குரல் வரும் என்று காத்திருந்தால், குரல் வரும்போது நீங்கள் ஹவ்காங் பக்கம் போய்க்கொண்டிருப்பீர்கள். சாங்கி விமான நிலையத்துக்குத் தம்பியை அழைக்கப் போனபோது எனக்கு நேர்ந்தது அதுதான். சுரங்கத்துக்குள் நுழையுமுன் எந்தச் சாலை, எத்தனையாவது வெளிவாயில் என்பதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் தலைக்குமேல் இருக்கும் பலகையை நம்புங்கள். மேம்பாலமும் கீழ்ச்சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இடங்களிலும் இதே கதை. வெஸ்ட் கோஸ்ட் ஹைவே மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பது வண்டிக்கு எப்போதும் தெரிந்துவிடாது.

'கட்டணச் சாலை தவிர்' என்பதை ஒரு நாள் இஆர்பி சாலைக் கட்டணத்துக்குப் பயந்து போட்டுவிட்டு மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். கட்டணமே இல்லாத இரவிலும் வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். "இடப்பக்கம் செல்லவும்" என்று குரல் சொன்னவுடன் பேருந்துத் தடத்துக்குள் நுழைவதும் வேண்டாம். வாரநாளில் காலை 7.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8 வரை அது பேருந்துக்கு. முழுநாள் தடங்கள் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தவறான நம்பிக்கை: கைப்பேசி கையில் இல்லை, அதனால் தப்பில்லை. சட்டத்தில் பாதி உண்மைதான். ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால்தான் கைப்பேசிக்கான சட்டப் பிரிவு பாயும். 2015 பிப்ரவரியிலிருந்து பேசுவது, செய்தி அனுப்புவது மட்டுமல்ல, படம் பார்ப்பதும் அதில் சேர்த்தி. முதல் முறை 1,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, கூடவே 12 குற்றப் புள்ளிகள். உரிமம் வாங்கி ஓராண்டு ஆகாதவருக்கு 13 புள்ளியில் உரிமமே போய்விடும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாங்கியில் மாட்டிய கைப்பேசிக்கும் காரின் திரைக்கும் அந்தப் பிரிவு இல்லை. ஆனால் கவனமின்றி ஓட்டியதாகப் பிடிக்க வேறு பிரிவு இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், மூளையைப் பாருங்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2015-இல் கார்களின் குரல் கட்டளை வசதிகளைச் சோதித்தார்கள். வண்டியோடு பேசி முடித்த பின்னும் கவனம் முழுதாகத் திரும்ப, மோசமான நிலையில் 27 விநாடி வரை ஆனது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 600 மீட்டர். "கால் அக்கா" என்று மூன்று முறை கத்தி, அது வேறு யாரையோ அழைத்து, அதை வெட்டிவிட்டு நிமிர்வதற்குள் பிஐஇ-யில் ஒரு வெளிவாயிலே கடந்திருக்கும். முகவரி தட்டுவது, பாட்டு தேர்வது, அமைப்பை மாற்றுவது எல்லாம் கார் நிறுத்துமிடத்தில், கியர் பார்க்கில் இருக்கும்போதே முடியவேண்டிய வேலை.

ஜோகூர் போகிறவர்களுக்கு ஒன்று. டேட்டா ரோமிங், மலேசிய வரைபடப் பதிவிறக்கம் இரண்டையும் வீட்டு வைஃபையில் முடியுங்கள், கடற்பால நெரிசலில் அல்ல. இன்னொன்றும் உண்டு. 2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். அந்தக் குறியீடு இருப்பதும் அதே கைப்பேசியில்தான். முகப்பில் கேபிளைப் பிடுங்குவீர்கள், வழிகாட்டி நின்றுபோகும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். உடன் வருபவர் கைப்பேசியில் குடும்பத்துக்கே ஒரு குறியீடாக எடுத்துவைத்துவிடுங்கள்.

கடைசியாக, வாடகைக் கார். போன மாதம் ஒரு நாளுக்கு எடுத்த வண்டியில் ஏழு பேருடைய கைப்பேசிப் பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஒருவருடைய தொடர்புப் பட்டியல் அப்படியே திறந்தது. வழிகாட்டியில் 'அம்மா வீடு' என்று ஓரிடம் சேமிக்கப்பட்டிருந்தது, கதவு எண்ணோடு. பத்தாண்டு சிஓஇ, அதாவது கார் உரிமைச் சான்றிதழ், முடியுமுன்னே நாம் காரை விற்றுக் கைமாற்றுகிற ஊர் இது. விற்பதானாலும் திருப்பிக் கொடுப்பதானாலும் கைப்பேசியில் இணைப்பை நீக்கினால் மட்டும் போதாது. காரின் செட்டிங்கில் போய்ச் சாதனத்தை அழித்து, சேமித்த இடங்களை அழித்து, சொந்தக் காரென்றால் ஆலைநிலைக்குத் திருப்பிவிடுங்கள். மூன்று நிமிட வேலை. அந்த ஏழு பேரையும் 'அம்மா வீட்டை'யும் நான்தான் அழித்தேன்.