கடற்காகம் பார்க்கப் போகிறீர்களா? தலையை விட்டுவிட்டு இறக்கையைப் பாருங்கள்

டிசம்பர், ஜனவரியில் தனுஷ்கோடி, கோடியக்கரை, பழவேற்காடு என்று எங்கே போனாலும் மணல்திட்டில் வெள்ளையாக ஒரு பறவைக் கூட்டம் நிற்கும். எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கையேட்டில் பழுப்புத்தலைக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் என்று படித்துவிட்டுத் தலையைத் தேடினால் வேலைக்கு ஆகாது. அந்த நிறம் இனப்பெருக்கக் காலத்தில்தான் வரும், குளிர்காலத்தில் இரண்டுக்குமே வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான்.

முதலில் கூட்டத்தில் கலந்து நிற்கும் ஆலா (tern) என்ற வேறு கடற்பறவைகளைக் கழித்துவிடுங்கள். கால் குட்டை, அலகு கூர், இறக்கை ஒல்லி, தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்து மீன் பிடிக்கிறது என்றால் அது ஆலா.

அப்புறம் இறக்கை. நிற்கும் பறவையோடு மல்லுக்கட்டாமல், அது சோம்பல் முறிக்கும்வரை அல்லது எழும்பும்வரை காத்திருங்கள். நாமே ஓடிக் கிளப்பிவிடுவது வேண்டாம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து ஓய்வெடுக்கிறது பாவம். இறக்கையின் மேல்பக்கத்தில் நுனி அகலமாகக் கறுத்து, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் பழுப்புத்தலை. லடாக், திபெத் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது இதுதான், நம் கரையில் அதிகம் பார்க்கப்போவதும் இதையே. முன் ஓரத்தில் நீளமாக வெள்ளைப் பட்டை ஓடி, நுனியில் மட்டும் மெல்லிய கறுப்புக் கரை இருந்தால் கருந்தலை. கண்ணும் உதவும்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிர் கண், கருந்தலைக்குக் கருங்கண். ஆனால் முதல் வருடக் குஞ்சு பழுப்புத்தலைக்கும் கண் கருப்பாகவே இருக்கும், அதனால் கண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். குஞ்சு என்பதற்கு வால் நுனியில் கறுப்புப் பட்டையும் இறக்கையில் பழுப்புத் திட்டுகளும் அடையாளம்.

கூட்டத்தில் ஒன்று மட்டும் கழுத்தை நீட்டி, நெற்றி சரிந்து, அலகு நீளமாக, கண்ணுக்குப் பின்னால் உள்ள கரும்புள்ளி மங்கலாகவோ இல்லாமலோ நின்றால் விடாதீர்கள். அது மெல்லலகுக் கடற்காகமாக இருக்கலாம், நம் பக்கம் குறைவாகவே தென்படும்.

பெரியவற்றில் பல்லாஸ் கடற்காகம் சுலபம். மற்றவை அதன் பக்கத்தில் பொடிசாகத் தெரியும், மஞ்சள் அலகின் நுனிப்பக்கம் கறுப்பும் சிவப்பும், கண்ணைச் சுற்றிக் கருமை. பிப்ரவரியிலேயே சிலவற்றுக்குத் தலை முழுக்கக் கறுத்துவிடும். அடர்சாம்பல் முதுகு, மஞ்சள் கால், அலகின் கீழ்ப்பாகத்தில் சிவப்புப் பொட்டு என்றால் ஹியூக்ளின் கடற்காகம். இந்தப் பெரியவை முழு நிறம் பெற நான்கு வருடம் எடுக்கும், அதுவரை பழுப்பும் வெள்ளையுமாகக் குழப்பும். அனுபவஸ்தர்களே இவற்றில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சரி, விரித்த இறக்கை, வால், அலகு மூன்றும் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் 'பெரிய கடற்காகம், இளசு' என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.