நீண்ட நைட் டூட்டியா, குறுகிய ஷிப்டா?
தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் நான், வடசென்னைத் தனியார் மருத்துவமனையொன்றில் செவிலியராகச் சேர்ந்தபோது, இரவு 8 முதல் காலை 8 வரையிலான 12 மணி நேர டூட்டி, விடுப்பு நாட்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் இலாபமாகவே தோன்றியது. ஆனால் உடல் வெப்பம் தாழ்ந்து தூக்கம் அழுத்தும் விடியற்காலை 4 மணியளவில், சிரிஞ்சில் ஏற்றிய இன்சுலின் அளவை இருமுறை சரிபார்த்த பின்பும் மனம் நம்ப மறுத்தது. பகலிலோ, தெருவில் தண்ணீர் லாரி நின்றதும் எழும் குடச் சத்தத்தில் உறக்கம் கலைந்துவிடும்.

எனவே செவிலியர் கண்காணிப்பாளரிடம் பேசி, 8 மணி நேரப் பகல் ஷிப்டுக்கு மாறினேன். மூத்த மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வருவது அப்போதுதான் என்பதால், புதியவருக்குக் கற்கும் வாய்ப்பும் அதிலேயே மிகுதி. (இரவுப்படி போனது வருத்தம்தான்.) இப்போது நைட் டூட்டி வந்தால், தொடர்ந்து இரண்டு, மூன்று இரவுகளுக்கு மேல் போகாதபடி கேட்டு வாங்கிக்கொண்டு, விடியற்காலைத் தேநீரைத் தவிர்த்து, சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் படுக்கிறேன்.